படகோனியா சுவர் வரைபடம்: ஸ்கேலோடு போய் வாங்குங்கள்

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம், கேட்கிற நிலப்பகுதியைப் பெரிதாக அச்சிட்டு லேமினேஷன் போட்டுத் தரும் கடை ஒன்றில் படகோனியா வரைபடம் கிடைக்கிறது. உயரம் 100 செ.மீ., அகலம் 70 செ.மீ. அளவுகோல் 1:20,00,000, அதாவது 1 செ.மீ.க்கு 20 கி.மீ. எழுத்தெல்லாம் ஸ்பானிய மொழியில். பள்ளி அட்லஸில் கட்டைவிரல் நகமளவே இருக்கும் தென் அமெரிக்காவின் கீழ்முனை இதில் சுவரளவு விரிகிறது.

கடையிலேயே ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். ஒரு பாகை அட்சம் சுமார் 111 கி.மீ.; இந்தப் படத்தில் அது 5.5 செ.மீ. வர வேண்டும், 40 பாகை தெற்கிலும் 55 பாகை தெற்கிலும் ஒரே அளவாக. சரியாகவே வருகிறது. துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை நீட்டிக் காட்டும் மெர்கேட்டர் முறையில் வரைந்த படமென்றால் 55-இல் உள்ள பாகை, 40-இல் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீண்டு, தென்கோடியிலுள்ள தியரா டெல் ஃபூயெகோ தீவு வீங்கித் தெரியும். அப்படிப்பட்ட படத்தில் நூல் வைத்துத் தூரம் பார்க்க முடியாது.

பெரிய குறை நிறத்தில். உயரத்துக்கு ஏற்ப நிறம் கொடுத்திருக்கிறார்கள்; தாழ்ந்த நிலமெல்லாம் பச்சை. அதனால் அர்ஜென்டினப் பக்கத்துச் சமவெளி தஞ்சாவூர் வயல்போலத் தெரிகிறது. உண்மையில் அங்கே பல இடங்களில் ஆண்டு மழை 200 மி.மீ.கூடத் தேறாது. புதுச்சேரியில் பெய்வது சுமார் 1,300 மி.மீ. காரணம் காற்று. அந்த அட்சங்களில் மேலைக்காற்று உலகைச் சுற்றி வரும்போது குறுக்கே நிற்கும் மிகப் பெரிய நிலம் இந்த முனைதான். ஆண்டீஸ் மலைத்தொடரில் மோதி, சிலி பக்கம் சில இடங்களில் 4,000 மி.மீ.க்கும் மேல் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வெறுங்காற்று என்பதை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் அங்கே காற்றின் உச்சம் வசந்தத்திலும் கோடையிலும், நமக்கு ஐப்பசி முதல் மாசி வரை. இதில் ஒன்றையும் படம் சொல்லவில்லை.

இன்னொரு பிழை எல்லையில். தென் படகோனியப் பனிவயலில் ஃபிட்ஸ் ராய் சிகரத்துக்குத் தெற்கே ஒரு பகுதிக்கு, சிலியும் அர்ஜென்டினாவும் செய்த 1998 ஒப்பந்தத்துக்குப் பிறகும் எல்லை முழுதாக வரையறுக்கப்படவில்லை. நல்ல படங்களில் அங்கே கோடு இராது. இதில் அழுத்தமாக இழுத்திருக்கிறார்கள்.

பாராட்ட வேண்டியது ஏரிகள். எல்லையில் கிடக்கும் ஏரிக்குச் சிலியில் ஒரு பெயர், அர்ஜென்டினாவில் வேறு பெயர்: ஓஹிகின்ஸ், சான் மார்ட்டின் இரண்டும் ஒரே நீர்தான். இரு பெயரும் அச்சாகியுள்ளன. கடல்மட்டத்துக்குக் கீழே 105 மீட்டரில் இருக்கும் லகுனா டெல் கார்பன் பள்ளமும் குறிக்கப்பட்டிருக்கிறது. பல படங்கள் இதை விட்டுவிடும். பிரெஞ்சு படித்தவர்கள் கவனிக்க: ஸ்பானியத்தில் ‘ஜே’ எழுத்துக்கு ‘ஹ’ ஒலி. 1520-இல் கடலோடி மகெல்லன் குளிர்காலத்தைக் கழித்த துறைமுகம் சான் ஹூலியான், ஜூலியான் அல்ல.

லேமினேஷனைத் தாளின் விளிம்போடு ஒட்ட வெட்டித் தருகிறார்கள். கார்த்திகை மழையில் ஈரம் விளிம்பு வழியே ஏறி, தாள் உப்பி, படலம் பிரியும். நாலு பக்கமும் 1 செ.மீ. படலம் வெளியே நிற்க வெட்டச் சொல்லுங்கள். மேலும் கீழும் இரும்புக் கம்பி வேண்டாம். உப்புக்காற்றில் துரு இறங்கிக் கறையாகும். மர ரீப்பர் போதும். சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளி மாட்டுங்கள்.

ஆர்டர் கொடுத்த பிறகே அச்சிடுகிறார்கள். ஆகவே உயர நிறத்துக்குப் பதில் மழையளவு நிறம், பனிவயலில் கோடில்லாத எல்லை இரண்டையும் எழுதிக்கொடுத்து, மாதிரித் தாளைப் பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.