200 ரூபாய் ஜெர்சி: மார்பில் மூளை, முதுகில் 11

ஊட்டியில் தார்ப்பாயை விரித்து அதன்மேல் பழைய கம்பளித் துணிகளைக் கொட்டிக் குவித்து விற்கிற கடைகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, அதனால் பெயர் சொல்ல வழியில்லை. சுற்றுலா வருகிறவர்கள் பூங்கா பக்கம் திபெத்தியர்கள் விற்கிற ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுவார்கள். வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கிற எங்களைப் போன்றவர்களுக்குக் குவியல் கடைதான் கட்டுப்படியாகும். எனக்கு ஊர் கட்டபெட்டு, இதே நீலகிரியில்தான். ஜனவரியில் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு ஸ்வெட்டர் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு, காற்று உள்ளே நுழையக்கூடாது, முதலில் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தேடியது சாதாரண முழுக்கை ஸ்வெட்டர். குவியலில் கையை விட்டால் வந்தது சிவப்பாக ஒரு ஜெர்சி. இழுத்தால் வரவே மாட்டேன் என்கிறது, அவ்வளவு கனம். விரித்துப் பார்த்தேன். முழுக்கை, காலர், மார்பு முழுக்க வெள்ளை எழுத்தில் 'பிரெய்ன்ஸ்', முதுகில் பெரிதாக 11. மூளை என்று எதற்கு ஒரு சட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன். "மெடிக்கல் காலேஜ் பசங்க போடறது தம்பி, நல்ல துணி, எடுத்துக்கோ" என்றார். 350 சொன்னார். காலருக்குக் கீழே தையல் இரண்டு அங்குலம் விட்டிருந்ததைக் காட்டினேன். 200க்கு முடிந்தது.

முதலில் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது பனியன் துணி இல்லை, பாலியஸ்டரும் இல்லை. கெட்டிப் பருத்தி, உள்பக்கம் லேசாகச் சொரசொரப்பு. காலர் வெள்ளைக் காடாத் துணி மாதிரி மடங்காமல் நிற்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது பொத்தான்தான். மூன்று பொத்தான், மூன்றும் ரப்பர். விரலால் அழுத்தினால் வளைகிறது. எதற்கு ரப்பர் என்று அன்றைக்குப் புரியவில்லை. ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து புரள்கிற ஆட்டத்தில் கெட்டிப் பொத்தான் இருந்தால் கன்னத்தைக் கிழிக்கும், இல்லை பொத்தானே தெறித்துப் போகும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று பிறகு தெரிந்தது. நம் பக்கத்துத் தையல்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைக்கு இதைத் தைத்தால் அம்மாக்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

குறையையும் சொல்ல வேண்டும். சாயம் போகிறது. முதல் தடவை துவைத்தபோது தனியாக ஊற வைக்காமல் மற்ற துணியோடு வாளியில் போட்டுவிட்டேன். என் சொந்த அக்கா பையனின் வெள்ளை யூனிஃபார்ம் ரோஜா நிறத்தில் வெளியே வந்தது. அக்கா அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. உப்புப் போட்டு ஊற வைத்து, தனியாக மூன்று தடவை அலசிய பிறகுதான் நின்றது. இன்னொன்று, காய்வதற்கு ஒரு யுகம். மேகம் இறங்கி நிற்கிற நாளில் கொடியில் போட்டால் மூன்றாம் நாளும் அக்குளில் ஈரம் இருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் விரித்துப் போட்டால்தான் உண்டு, அப்புறம் இரண்டு நாளைக்குப் புகை வாசனையோடு திரிய வேண்டும்.

சரி, மூளைக்கு வருவோம். இடது மார்பில் மூன்று இறகு சேர்ந்த மாதிரி ஒரு சின்னம் தைத்திருந்தது. அதை வைத்துத் தேடியதில் வேல்ஸ் நாட்டு ரக்பி அணியின் ஜெர்சி என்று தெரிந்தது. இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கிற, மொத்தமே முப்பது லட்சம் பேர் இருக்கிற மலைநாடு அது, மழை, ஆடு, பழைய நிலக்கரிச் சுரங்கம், சொந்தமாக ஒரு பாஷை. பிரெய்ன்ஸ் என்பது மூளையே இல்லை, கார்டிஃப் நகரத்து பீர் கம்பெனி, 1882இல் தொடங்கியது. 2004இலிருந்து சில வருஷம் அணியின் ஸ்பான்சர் அவர்கள்தான். பிரான்ஸில் மது விளம்பரம் போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் 2005இல் பாரிஸில் ஆடப் போனபோது அந்த இடத்தில் 'பிரான்' என்று மாற்றி எழுதிக்கொண்டு போனார்கள், உடம்பு வலு என்று அர்த்தம். இதை டீக்கடை அண்ணாவிடம் சொன்னேன். "இறாலா?" என்றார். அன்றிலிருந்து என் பெயர் இறால்.

ஜெர்சி யாருடையது என்று கேட்டால், நிச்சயமாக எந்த ஆட்டக்காரரும் போட்டதில்லை, ரசிகர்களுக்கு விற்றதுதான். ஆனால் அந்தக் காலத்து வேல்ஸ் அணியில் 11 என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான், ஷேன் வில்லியம்ஸ். நான் வாங்கியது எக்ஸ்எல் இருக்கும். அந்த மனிதர் 5 அடி 7 அங்குலம். இந்தச் சட்டையைப் போட்டால் அவருக்கு முழங்கால் வரை தொங்கியிருக்கும். எனக்கே தொடை வரை வருகிறது.

ரக்பியில் 11 இடது ஓரம், 14 வலது ஓரம். விங்கர் என்பார்கள். பந்தைக் கையால் முன்பக்கம் வீசக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான், அதனால் நடுவில் முட்டி மோதி, நாலைந்து கை மாறித்தான் பந்து ஓரத்துக்கு வரும். வந்து சேரும்போது விங்கருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு, மறுபக்கம் 100 கிலோ ஆள். அரை நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம் குளிரில் நிற்கிற பதவி. வராமலே போகிற நாளும் உண்டு.

ஷேன் தொடங்கிய காலம்தான் அவருக்கு எதிரி. 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் ஜோனா லோமு, 6 அடி 5 அங்குலம், இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் மட்டும் நாலு டிரை போட்டார் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் தொட வைத்தால் அது டிரை), அதில் ஒன்று எதிராளியின் மேலேயே ஓடிப் போட்டது. அதே வருஷம் ஆகஸ்டில்தான் ரக்பி யூனியனில், அதாவது பதினைந்து பேர் ஆடுகிற இந்த ரக்பியில், சம்பளம் வாங்கி ஆடலாம் என்று அதிகாரபூர்வமாக அனுமதி வந்தது. காசு வந்ததும் எல்லா அணிகளும் லோமு மாதிரி பெரிய உடம்பைத் தேட ஆரம்பித்தன. அந்த நேரத்தில், ஸ்கிரம் ஹாஃப், அதாவது நடுவில் நடக்கிற மோதலிலிருந்து பந்தை எடுத்து வெளியே வீசுகிற ஆளாக ஆடிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பையன், வேல்ஸின் நீத் கிளப்பில் ஓரத்துக்கு மாறி நின்றால் யார் மதிப்பார்கள்? 2000இல் வேல்ஸுக்காகப் பிரான்ஸுக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கினார், அடுத்த ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக டிரையும் போட்டார். ஆனால் அதற்குப் பிறகு காயம், ஒல்லி, உயரப் பந்து அடித்தால் தாங்கமாட்டான் என்ற பேச்சு என்று வெளியே உட்கார்ந்த காலம்தான் அதிகம்.

2003 உலகக் கோப்பைக்கு அவரை விங்கராகக் கூட அழைத்துப் போகவில்லை. மூன்றாவது ஸ்கிரம் ஹாஃபாகத்தான் போனார், அதாவது யாருக்காவது அடிபட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்கிற கணக்கு. சிட்னியில் நியூசிலாந்துக்கு எதிராக வேல்ஸ் தன் முக்கியமான ஆட்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இவரை ஓரத்தில் இறக்கியது. 37க்கு 53 என்று வேல்ஸ் தோற்றது, தோற்ற அணியின் ஆளாக அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டம்தான் எல்லார் வாயையும் மூடியது. அதில் ஒரு டிரையும் உண்டு. நான் இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் போனில் நாலு தடவை பார்த்திருக்கிறேன், சிக்னல் சுற்றிச் சுற்றி நின்றாலும்.

டீக்கடையில் ஒரு நாள் அண்ணாவுக்கும் போட்டுக் காட்டினேன். அவருக்கு ரக்பி என்றால் என்னவென்றே தெரியாது, சொல்லப்போனால் எனக்கும் இந்தச் சட்டை வாங்கும் வரை தெரியாது. ஷேன் பந்தை இடுக்கிக்கொண்டு நேராக ஒருத்தனைப் பார்த்து ஓடுகிறார். இடது காலை ஊன்றுகிறார், தோள் இடது பக்கம் போகிற மாதிரி சாய்கிறது, எதிராளி அந்தப் பக்கம் எடையை மாற்றிய நொடியில் இவர் வலது பக்கம் போய்விட்டார். அண்ணா வர்க்கியை டீயில் முக்கியபடியே பார்த்துவிட்டு, "காட்டெருமை வந்தா நாம பண்றதுதானே இது" என்றார். உண்மைதான். தேயிலைப் பாத்தியில் இரண்டு வரிசைக்கு நடுவே ஒத்தையடி வழி, எதிரே காட்டெருமை, ஓட இடமில்லை, செடிக்குள் குதிக்கவும் முடியாது, அது எந்தக் காலில் நிற்கிறது என்று பார்த்து மறுபக்கம் நழுவ வேண்டும். இத்தனை நாள் நான் படித்த ரக்பி விளக்கம் எதிலும் இது மாதிரி எனக்கு விளங்கவில்லை.

அதற்கப்புறம் ஏறுமுகம். 2005இல் கார்டிஃபில் இங்கிலாந்தை 11-9 என்று ஜெயித்தபோது வேல்ஸின் ஒரே டிரை அவருடையது, அந்த வருஷம் 27 வருஷத்துக்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம், அதாவது வருஷா வருஷம் நடக்கிற ஆறு நாடுகள் போட்டியில் மற்ற ஐந்து நாட்டையும் ஜெயித்தது. 2008இல் மறுபடியும் கிராண்ட் ஸ்லாம், அவருக்கு அந்தப் போட்டியில் மட்டும் 6 டிரை. கடைசியாகப் பிரான்ஸுக்கு எதிராகப் போட்டது எனக்குப் பிடித்த ஒன்று. அழகான ஓட்டமெல்லாம் இல்லை, பிரான்ஸ்காரர்கள் கைவிட்ட பந்தைக் காலால் தட்டித் தட்டித் துரத்திப் போய் விழுந்து தொட்டார், அது அவருடைய 41ஆவது டிரை, வேல்ஸின் சாதனை. அந்த வருஷம் உலகின் சிறந்த வீரர் விருது, வேல்ஸ்காரர் ஒருத்தருக்கு அதுதான் முதல் தடவை.

மொத்தம் வேல்ஸுக்காக 87 ஆட்டம், 58 டிரை. பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்களைச் சேர்த்து அமைக்கிற பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸுக்காக 2009இல் தென்னாப்பிரிக்காவில் இன்னும் இரண்டு. டெஸ்ட் ரக்பியில், அதாவது நாட்டு அணிகள் மோதுகிற ஆட்டங்களில், இவரைவிட அதிகமாக ஜப்பானின் டைசுகே ஓஹாட்டா 69 போட்டிருக்கிறார், ஆனால் யாருக்கு எதிராகப் போட்டார் என்று பார்க்க வேண்டும் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் நடுவில் போகவில்லை. 2011 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி ஆட்டம், வேல்ஸ் தோற்றது, ஆனால் ஆட்டத்தின் கடைசி நகர்வில் டிரை போட்டுவிட்டுப் போனார். ஆறு மாசம் கழித்து வேல்ஸின் ஆஸ்ப்ரேஸ் கிளப்புக்காகவும் கடைசியில் ஒரு டிரை, டப்ளினில் அயர்லாந்தின் லெய்ன்ஸ்டருக்கு எதிரான இறுதிப் போட்டியில் இரண்டு டிரை, இரண்டாவது கடைசி நேரத்தில், 31-30 என்று ஆஸ்ப்ரேஸ் ஜெயித்தது. அப்புறம் ஜப்பானுக்குப் போய் அங்கேயும் ஆடினார். சம்பள ரக்பியில் விங்கருக்கு முப்பது தாண்டினால் வேகம் போய்விட்டது என்பார்கள், இவருக்கு அப்போது வயது 35.

இதெல்லாம் ஒரு சட்டை விமர்சனத்தில் எதற்கு என்று கேட்கலாம். 200 ரூபாய்க்கு எனக்கு இவ்வளவு கிடைத்திருக்கிறது என்று கணக்குக் காட்டுகிறேன், அவ்வளவுதான். நம் ஊரில் ரக்பி யார் பார்க்கிறார்கள் என்றும் கேட்காதீர்கள், 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பை வாங்கியதே சென்னை புல்ஸ்தான். அது ஏழு பேர் ஆடும் ரக்பி, ஆனாலும் நம்ம ஊர்ப் பெயர் நம்ம ஊர்ப் பெயர்தானே.

கடைக்கு மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்று. துணிக்கு ஐந்துக்கு நாலரை. ஒரு மார்க் போனது சைஸ் விஷயத்தில், போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், தோளில் வைத்து அளந்துகொள்ள வேண்டியதுதான், லேபிள் தேய்ந்துபோய் ஒன்றும் படிக்க முடியாது. இன்னொன்று, மாற்றித் தருவதெல்லாம் கிடையாது. கிழிசலைப் பற்றி மறு வாரம் போய்ப் புலம்பினேன். "அதுக்குத்தானே தம்பி நூத்தம்பது கொறச்சேன்" என்றார் அக்கா, பதில் சொல்ல முடியவில்லை. போகிறவர்கள் காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் மேலே இருக்கிற நல்லதெல்லாம் போய்விடும், அடியில் கிடப்பது ஈரம் கோத்து நாறும். தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முக்கியமாகக் காலருக்கும் தோளுக்கும் நடுவே. கேட்ட விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நில்லுங்கள், அதற்குக் கீழே கேட்டால் கோபம் வருகிறது.

கெட்டித் துணியின் கனம் முதலில் தோளை அழுத்தும், பத்து நாளில் பழகிவிடும். உள்ளே ஒரு பனியன் போட்டு மேலே இது ஒன்றைப் போட்டுக்கொண்டால் உறைபனி விழுந்த காலையிலும் பஸ் ஸ்டாப்பில் நிற்கலாம், நான் நின்றிருக்கிறேன். கைப் பட்டி மட்டும் கொஞ்சம் லூஸ், அதில் காற்று ஏறும், ஒரு ரப்பர் பேண்டு போட்டால் தீர்ந்தது.

இப்போது அது என்னிடம் இல்லை. என் அக்கா பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏழாம் வகுப்பு, வகுப்பிலேயே குள்ளம், சட்டை அவனுக்கு முழங்கால் வரை வருகிறது, கையை நாலு மடிப்பு மடித்துக்கொண்டு திரிகிறான். யூனிஃபார்மைக் கெடுத்ததற்கு அபராதமாம். நானும் அடுத்த ஞாயிறு மறுபடி குவியலுக்குப் போகிறேன், இந்தத் தடவை எல் சைஸ் தேட வேண்டும்.