352 பவுண்டு எங்கிருந்து வந்தது: ஏஜென்சி வழியாகப் பதினைந்து ஆண்டுகள், மூன்று குறைப்புக் கடிதங்கள்

2006 முதல் 2021 வரை லண்டனில் ஒப்பந்த முறையில் மென்பொருள் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி ஒரே ஆள்சேர்ப்பு ஏஜென்சியின் வழியாக, கேனரி வார்ஃபில் இருந்த ஒரே வங்கிக்குச் செய்த வேலை. ஏஜென்சிகளைப் பற்றி எழுதுபவர்கள் எத்தனை நாளில் வேலை பிடித்துக் கொடுத்தார்கள், நேர்காணலுக்கு எப்படித் தயார் செய்தார்கள் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் ஓர் ஏஜென்சி எத்தகையது என்பது, அவர்கள் நம் நாள் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் வாரத்தில்தான் தெரிய வந்தது. அந்த வாரம் எனக்கு மூன்று முறை வந்தது.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வங்கிக்கும் எனக்கும் நேரடி ஒப்பந்தம் கிடையாது. வங்கி ஏஜென்சிக்குக் கொடுக்கும். ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு, ஒப்பந்த வேலைக்காக நான் பதிவு செய்திருந்த என் சொந்த லிமிடெட் கம்பெனிக்கு மீதியைக் கொடுக்கும். அந்தப் பங்கு சும்மா போகிற பணம் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. திங்கட்கிழமை டைம்ஷீட் (வேலை செய்த நாட்களின் கணக்கு) போட்டால் வெள்ளிக்கிழமை காலையில் பணம் கணக்கில் இருக்கும். வங்கியோ ஏஜென்சிக்குக் கொடுக்க ஒன்றரை மாதம், இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும். இடையிலுள்ள நாட்களைத் தன் கைப்பணத்தால் தாங்குகிறவர் ஒரு விலை கேட்பது நியாயம்தான். அந்த விலை எவ்வளவு என்பதை மட்டும் அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அடுத்த சில மாதங்களில், நாங்கள் இருந்த தளத்திலேயே மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 2009 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு ஏஜென்சியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வங்கி, ஏஜென்சிகள் உட்பட எல்லாச் சப்ளையர்களின் விலையையும் குறைத்துவிட்டது என்றும், மார்ச் முதல் தேதியிலிருந்து என் நாள் ஊதியம் 400 பவுண்டுக்குப் பதிலாக 352 பவுண்டு என்றும், இணைத்திருக்கும் தாளில் கையெழுத்திட்டு மறுநாள் நண்பகலுக்குள் அனுப்பிவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது. எத்தனை சதவீதக் குறைப்பு என்பது எங்கும் சொல்லப்படவில்லை. அன்றிரவே கையெழுத்திட்டு அனுப்பிவிடத்தான் இருந்தேன். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், விசா என்று பயப்படக் காரணங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை.

அனுப்பாமல் தடுத்தவர், எங்கள் குழுவில் என்னைவிடப் பத்து ஆண்டு மூத்தவரான யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். மறுநாள் காலை கேன்டீனில் தேநீர்க் கோப்பையோடு எதிரில் வந்து உட்கார்ந்தவர், "தம்பி, 352 எண்ட கணக்கு எங்க இருந்து வந்தது எண்டு யோசிச்சுப் பார்த்தீரே?" என்று கேட்டார். நான் யோசித்திருக்கவில்லை. குறைப்பு 48 பவுண்டு. அது என் 400-இல் 12 சதவீதம். ஆனால் சப்ளையர் விலையில் 10 சதவீதம் குறைக்கிறோம் என்றுதான் வங்கி மேலாளர் குழுக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அண்ணை ஒரு கைத்துடைப்புத் தாளை இழுத்து எழுதிக் காட்டினார்: 48 என்பது 480-இல் 10 சதவீதம். அதாவது வங்கி எனக்காக ஏஜென்சிக்குக் கொடுத்துவந்தது 480. அவர்கள் பங்கு 80. வங்கி 432 ஆக்கியதும், அந்தக் குறைப்பு முழுவதையும் என் தலையில் இறக்கிவிட்டு, தங்கள் 80-ஐ அப்படியே வைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார்கள். எத்தனை ஆண்டு கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாத பங்கை அவர்களே ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுடாதேயும். முதல் அவையள் எவ்வளவு விடுகினம் எண்டு கேளும்" என்று சொல்லிவிட்டு அண்ணை தேநீரை முடித்தார்.

நண்பகலுக்குள் பதில் அனுப்பினேன், கையெழுத்து இல்லாமல். வங்கியின் நிலை புரிகிறது. 10 சதவீதம் குறைவதை நானும் ஏற்கிறேன். ஆகவே என் ஊதியம் 360, உங்கள் பங்கு 72 என்று இருவரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்வோம். அதோடு ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டி, வேலையை நிறுத்துமுன் எனக்குக் கொடுக்க வேண்டிய நோட்டீஸை ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரமாக்குங்கள் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது. எங்கள் பங்கைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்றார் ஏஜென்சியின் முகவர். நானும் கேட்கவில்லை, உங்கள் கடிதத்திலிருந்து வந்த கணக்கைத்தான் எழுதினேன் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை 360 என்று திருத்திய தாள் வந்தது. நீட்டிப்பு கிடைத்தது; நோட்டீஸ் இரண்டு வாரமாயிற்று. அந்த எட்டுப் பவுண்டு அற்பமாகத் தோன்றலாம். ஆண்டுக்கு 220 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 1,760 பவுண்டு.

அந்த ஏஜென்சி வழியாக எங்கள் தளத்தில் பதினொரு பேர் இருந்தோம். ஆறு பேர் வியாழக்கிழமை இரவே கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்னும் ஓர் அரைமணி நேரம் போயிருந்தால் ஏழாவது ஆள் நான்தான். இருவர் கோபத்தில் நோட்டீஸ் கொடுத்து வெளியேறினார்கள். அந்த ஆண்டின் சந்தையில் அது துணிச்சலான காரியம், அவர்களில் ஒருவர் ஐந்து மாதம் வேலையின்றி இருந்தார். ஒருவர் எதற்கும் பதிலே எழுதாமல், பழைய ஊதியத்திலேயே வாரம் தவறாமல் டைம்ஷீட் போட்டுக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் முடிய ஒன்பது வாரம் இருந்தது. ஒன்பது வாரமும் 400-ஆகவே கொடுத்தார்கள், பத்தாவது வாரம் அவருக்கு நீட்டிப்பு இல்லை. அண்ணைக்கும் 10 சதவீதம்தான் குறைந்தது.

பழைய ஊதியத்தையே ஏன் கொடுத்தார்கள் என்றால், கொடுக்காமல் இருக்க வழியில்லை. கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் திருத்த முடியாது. பிரிட்டனின் 2003-ஆம் ஆண்டு ஏஜென்சி நடத்தை விதிகளும் வேலை செய்பவர் சம்மதிக்காமல் நிபந்தனைகளை மாற்றக் கூடாது என்கின்றன. வாடிக்கையாளர் இன்னும் பணம் தரவில்லை என்பதைக் காட்டி ஊதியத்தை நிறுத்திவைக்கவும் கூடாது. ஆனால் லிமிடெட் கம்பெனி வைத்திருப்பவர்கள் இந்த விதிகள் தமக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க இடமுண்டு. சேரும்போது நீட்டப்படும் தாள்கட்டின் நடுவே அந்த ஒற்றைப் பக்கம் இருக்கும். நானும் படிக்காமல் கையெழுத்திட்டவன்தான். அப்படி எழுதிக்கொடுத்தால்தான் வேலை தருவோம் என்று நிபந்தனை போடுவதற்கும் தடை இருப்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாம் சரி, சட்டம் உங்கள் ஊதியத்தை ஒப்பந்தம் முடியும் வரைக்கும், அல்லது நோட்டீஸ் காலம் வரைக்கும்தான் காக்கும். உங்கள் நோட்டீஸ் ஒரு வாரம் என்றால், உங்கள் பேரம் பேசும் பலமும் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குத்தான். அதனால்தான் ஊதியத்தோடு நோட்டீஸையும் சேர்த்துக் கேட்டேன்.

இரண்டாவது கடிதம் 2020 மார்ச் கடைசியில் வந்தது. அப்போது என் நாள் ஊதியம் 500. தொற்றுநோய் காரணமாக மூன்று மாதத்துக்கு 20 சதவீதம் குறைத்துக்கொள்ளுமாறு கேட்டார்கள். இம்முறை சதவீதத்தை எழுதியிருந்தார்கள், ஆனால் எனக்குப் பேரம் பேச இடமே இருக்கவில்லை. வேலையின்றி வீட்டிலிருக்க நேர்ந்தவர்களின் சம்பளத்துக்கு அரசு கொடுத்த ஃபர்லோ உதவி, என்னைப் போன்ற கம்பெனி இயக்குநர்கள் தமக்கு எடுத்துக்கொண்ட சிறிய சம்பளத்துக்குத்தான் இருந்தது, லாபத்திலிருந்து எடுக்கும் டிவிடெண்டுக்கு இல்லை. வேலை போனால் அந்தச் சிறு உதவியை வைத்து என் வீடு ஓடாது. நான் கேட்டு வாங்கியது ஒரு தேதி மட்டுமே: குறைப்பு ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை, ஜூலை 1 அன்று தானாகவே 500-க்குத் திரும்பும் என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுத வைத்தேன். திரும்பியது. என் நண்பர் ஒருவரின் தாளில் "மறு அறிவிப்பு வரும் வரை" என்று இருந்தது. அந்த மறு அறிவிப்பு அவருக்கு அடுத்த ஆண்டு வசந்த காலம் வரை வரவில்லை.

மூன்றாவது கடிதத்தில் குறைப்பு என்ற சொல்லே இல்லை. ஒப்பந்தப் பணியாளர் வரி விதியான ஐஆர்35, 2000 முதலே இருந்தது. பிறகு அதில் வந்த மாற்றம், யாரை ஊழியராகக் கருதி வரி பிடிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பொறுப்பை வேலை வாங்கும் நிறுவனத்துக்கே மாற்றியது. நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களுக்கு 2021 ஏப்ரல் 6 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எங்கள் வங்கி லிமிடெட் கம்பெனிகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எல்லாரும் அம்ப்ரெல்லா நிறுவனத்தின் (ஒப்பந்தக்காரர்களைத் தன் ஊழியராக வைத்து, வரி பிடித்துச் சம்பளம் கொடுக்கும் இடைநிறுவனம்) ஊழியராகச் சேர வேண்டும், நாள் ஊதியம் 500-இல் எந்த மாற்றமும் இல்லை என்று ஏஜென்சி எழுதியது.

இம்முறை கணக்கை நானே போட்டேன். வாரத்துக்கு 2,500 பவுண்டு. முதலாளி அப்போது கட்ட வேண்டியிருந்த 13.8 சதவீத தேசியக் காப்பீடு, அரை சதவீதப் பயிற்சி வரி, அம்ப்ரெல்லாவின் கட்டணமாக வாரம் 25 பவுண்டு எல்லாம் இந்த 2,500-க்குள்ளிருந்தே போகும். என் வரி பிடிப்பதற்கு முன்பே சுமார் 314 பவுண்டு காணாமல் போகிறது. 2020 ஏப்ரல் முதல் இப்படிச் சேர்பவர்களுக்குக் கட்டாயமாகத் தர வேண்டிய முக்கியத் தகவல் தாளில் இதுவெல்லாம் வரிசையாக இருந்தது. முதல் மின்னஞ்சலோடு அது வரவில்லை, கேட்ட பிறகே அனுப்பினார்கள். சம்பளச் சீட்டில் மொத்தச் சம்பளம் 2,500 என்று வர வேண்டுமானால் நாள் ஊதியம் 572 ஆக வேண்டும். அதைத்தான் கேட்டேன்.

இது புதிய முகவர், இளைஞர், மரியாதையாகவே பேசினார். 572 என்ற எண் எப்படி வந்தது, ஏன் முழு எண்ணாகச் சொல்லக் கூடாது என்று கேட்டார். கணக்கை அனுப்பினேன். வங்கி 525 வரை ஒத்துக்கொள்கிறது என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார். நான் நோட்டீஸ் கொடுத்தேன். கடைசி டைம்ஷீட்டின் பணம் வழக்கம்போல வெள்ளிக்கிழமை காலையே கணக்கில் இருந்தது.