டோக்கன் நம்பர் 214: ஒரு எச்.ஆர். மென்பொருளோடு நான்கரை வருடம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். சுமார் 380 பேர். 2021 ஏப்ரலில் எக்செலை விட்டு மென்பொருளுக்கு மாறினோம். சம்பளம், லீவு, பே ஸ்லிப் எல்லாம் ஒழுங்காகவே ஓடுகிறது. நான் சொல்ல வந்தது டெமோவில் யாரும் கேட்காத விஷயம்: ஆளுக்கு நம்பர் போடுவது.

முதல் தப்பு எங்களுடையதுதான். நம்பருக்கு முன்னால் எழுத்து சேர்த்துக்கொள்ளலாம் என்றதும் ஆசை வந்துவிட்டது. கட்டிங்குக்கு 'சி', பவர் டேபிள் என்னும் தையல் பகுதிக்கு 'பி', செக்கிங்குக்கு 'கியூ', பிறகு சேர்ந்த வருடம், பிறகு வரிசை எண். பார்க்க லட்சணமாக இருந்தது. மூன்றே மாதத்தில் செக்கிங்கில் இருந்த பெண்கள் பத்துப் பேர் தையல் பழகி பவர் டேபிளுக்குப் போய்விட்டார்கள். நம்பரை மாற்றினால் பழைய வருகைப் பதிவு தனியாக நின்றுவிடும். மாற்றாவிட்டால் 'கியூ'க்காரர் தையலில் உட்கார்ந்திருப்பார். போதாக்குறைக்கு, வாசலில் இருக்கும் கைரேகை மெஷின் எழுத்தையே ஏற்காது, வெறும் எண்தான். கடைசியில் 2022 பொங்கல் லீவில் உட்கார்ந்து எல்லோருக்கும் 10001-லிருந்து வெறும் எண் கொடுத்தோம்.

ஏன் 00001 இல்லை? எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தைத் தின்றுவிடும். பேங்குக்கு ஃபைல் அனுப்பும் எல்லோருக்கும் இந்த வலி தெரியும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு எங்கள் கம்பெனியின் கோடு 17 இலக்கம். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது, கடைசி இரண்டையும் பூஜ்ஜியமாக்கிவிடும்.

"ஆதார்ல கடைசி நாலு நம்பரையே வெச்சுக்கலாமே" என்றார் முதலாளி. பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். 380 பேரில் ஆறு ஜோடிக்கு அந்த நாலும் ஒன்றாக இருந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி 214. எக்செல் காலத்தில், வேலையை விட்டுப் போனவரின் டோக்கன் நம்பரை, அதாவது வரிசை எண்ணை, புதியவருக்குக் கொடுப்பது வழக்கம். மென்பொருளிலும் அதற்கு ஒரு டிக் இருந்தது, போட்டுவிட்டோம். 10001-க்கு மாறும் முன், முதல் வருடம் ஒரு சம்பள நாளன்று அயனிங் பையன் ஒருவன் போனைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். "எல்லாத்துக்கும் மெசேஜ் வந்துருச்சுங்கக்கா, எனக்கு மட்டும் வர்லீங்க." அவன் சம்பளம் முன்னாள் 214-இன் கணக்குக்குப் போயிருந்தது. வரிசை எண் ஒரே எண் என்பதால் பழைய பேங்க் விவரம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தர்மபுரியில் இருந்தவருக்குப் போன் செய்தால், "பாக்கி சம்பளம்னு நெனச்சேன்க்கா" என்று சிரித்துவிட்டு அன்றைக்கே ஜிபேயில் திருப்பி அனுப்பினார். நல்ல மனுஷன். அந்த டிக்கை அன்றே எடுத்தேன்.

அதைவிடப் பெரிய தலைவலி திரும்பி வருகிறவர்கள். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு போவார்கள், பொங்கல் முடிந்து வருவார்கள். அவசரத்தில் புது ஆளாகப் பதிந்துவிடுவோம். ஒரு அக்காவுக்கு இப்படி மூன்று நம்பர். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது, இனிஷியல் ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால். பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதியில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: கம்பெனி மாறினால் மெம்பர் ஐடி மாறும், யூ.ஏ.என். என்ற 12 இலக்கப் பொது எண் ஆளோடு கடைசிவரை வரும். இ.எஸ்.ஐ. இன்சூரன்ஸ் நம்பரும் அப்படித்தான். 2023-இல் வந்த அப்டேட்டில் எங்கள் மென்பொருளும் யூ.ஏ.என். அடித்ததுமே "இவர் ஏற்கெனவே இருக்கிறார்" என்று காட்டி, 'ரீஜாயின்' பட்டனைக் கொடுக்க ஆரம்பித்தது. பழைய நம்பரே வரும், சேர்ந்த தேதி மட்டும் இரண்டாவதாகப் பதியும். நான் கொடுத்த காசுக்கு உருப்படியாகக் கிடைத்த வசதி என்றால் இதுதான்.

ஆனால் ஏற்கெனவே இரண்டு மூன்றாகப் பிரிந்து கிடப்பதை ஒன்றாகச் சேர்க்க வழியில்லை. சம்பளம் போட்டு முடித்த ரெக்கார்டைத் தொட விடாது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) சர்வீஸ் கணக்கு கேட்டு யாராவது வந்தால், நான் இன்னமும் மூன்று ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து ஸ்கேலும் பேனாவுமாக உட்காருகிறேன்.

வரும் ஏப்ரலில் சந்தா புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்துவிடுவோம். ரெக்கார்டுகளைச் சேர்க்கும் வசதி எப்போது வரும் என்று மென்பொருள் கம்பெனியிடம் போன வாரம் கேட்டேன். "ரோட்மேப்பில் இருக்குங்க மேடம்" என்றார்கள், அதாவது இனிமேல் செய்யப்போகும் பட்டியலில். 2023-லும் இதையேதான் சொன்னார்கள்.