டவர் இல்லாத வாட்சன்வில்: ஒரு வாடகை பைலட்டின் அனுபவம்

கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வாட்சன்வில் பழகிய ஊர். சான்டா க்ரூஸ் மலையைத் தாண்டி இருபது நிமிடம், அவ்வளவுதான். சில வருடங்களாக வாடகைக்கு எடுத்த சின்ன செஸ்னா விமானத்தில் போய்வருகிறேன். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் இதை எழுதுகிறேன்.

விமான நிலையம் நகராட்சிக்குச் சொந்தம். கட்டியது அமெரிக்கக் கடற்படை. 1943-இல் துணைத் தளமாக இயங்கத் தொடங்கியது, சான் ஹோசே பக்கத்து மாஃபெட் கடற்படைத் தளத்தின் ஆகாயக் கப்பல்களும் இங்கே வந்து நின்றன. போர் முடிந்ததும் ஊர் கைக்கு வந்தது. கடற்படை விட்டுப்போனதில் பெரிய சொத்து, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ரன்வேக்கள்: ஒன்று சுமார் 4,500 அடி, இன்னொன்று சுமார் 4,000 அடி. பிற்பகலில் கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அந்த இரண்டாவது ரன்வேயின் அருமை தெரியும்.

விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரம், அதாவது டவர், இங்கே கிடையாது. "வாட்சன்வில் ட்ராஃபிக், செஸ்னா, லெஃப்ட் டவுன்விண்ட், ரன்வே டூ-ஜீரோ" என்று நாமே ரேடியோவில் அறிவித்துக்கொண்டே இறங்க வேண்டும். இறங்கும் முன் ரன்வேயை ஒட்டிச் செவ்வகமாக ஒரு சுற்று வருவோம்; அதில் ரன்வேக்கு இணையாகப் பறக்கும் பக்கம்தான் டவுன்விண்ட். சனிக்கிழமை மதியம் அந்த அலைவரிசை சந்தைக்கடைதான். ஒருவர் டச்-அண்ட்-கோ (தரையைத் தொட்டதும் மறுபடி மேலே கிளம்புவது) பழகுவார், ஒருவர் மலைப்பக்கமிருந்து நுழைவார், இன்னொருவர் ஐந்து மைலுக்கு அப்பாலிருந்தே, சுற்றில் சேராமல் நேராக இறங்க வருவதாகச் சொல்வார். அந்த மூன்றாமவரைத்தான் நான் முதலில் தேடுவேன்.

காரணம் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 18 அன்று இங்கே நேராக இறங்கவந்த இரட்டை எஞ்சின் செஸ்னா 340-உம் சுற்றில் இருந்த செஸ்னா 152-உம் மோதி மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு பைலட்டுகளும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். 340 வேகமாக நெருங்குவதைச் சொல்லிவிட்டுத்தான் 152-இன் பைலட் இறங்காமல் மேலே போகப் பார்த்தார். 340-இன் பைலட் மற்ற விமானத்தைப் பார்த்து விலகாததையும் அதன் மிதமிஞ்சிய வேகத்தையும் விசாரணை குறிப்பிட்டது. ஆகவே காதை மட்டும் நம்பாதீர்கள். பேஸ், அதாவது ரன்வேக்கு நேராகத் திரும்புவதற்கு முந்தைய குறுக்குப் பக்கத்துக்குத் திரும்பும் முன் இறங்கும் பாதை முழுவதையும் கண்ணால் ஒரு தடவை துழாவுங்கள். யாராவது அவசரப்பட்டால் வழிவிட்டுவிட்டு இன்னொரு சுற்று வாருங்கள். கூடுதல் வாடகை ஐந்து நிமிடத்துக்குத்தான்.

அடுத்தது மூடுபனி. கோடைக் காலையில் மான்டரே விரிகுடாவிலிருந்து தாழ்ந்த மேகம் வந்து ஊரை மூடிவிடும். நம்மூர் வெயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் போர்வைதான். இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறக்கும் தகுதி) இல்லாதவர்கள் மேகம் விலகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த விமான நிலையத்தைச் சுற்றியுள்ள நிலம் வீடு கட்ட உதவுமே என்று கேட்பவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் வீட்டு நெருக்கடியில் அது அநியாயமான கேள்வி இல்லை. குறுக்கே போகும் அந்த இரண்டாவது ரன்வேயின் பாதுகாப்பு வளையத்தை, அதாவது வீடு கட்டக் கட்டுப்பாடு உள்ள பகுதியை, சுருக்கி அருகில் வீடுகளுக்கு வழிசெய்ய நகராட்சி திட்டம் போட்டது. பைலட்டுகள் சங்கம் வழக்குப் போட்டு 2010-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. நான் பைலட்டுகள் பக்கம்தான், ஓட்டுகிறவன் வேறென்ன சொல்வேன்! ஆனாலும் 1989 லோமா ப்ரியேட்டா நிலநடுக்கத்தை ஊர்க்காரர்களும் மறந்திருக்க மாட்டார்கள். நெடுஞ்சாலை 17 மண்சரிவில் அடைபட்டது, ஊருக்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாலை 1-இன் பாலம் இடிந்து விழுந்தது. அப்போது தனியார் பைலட்டுகள் சின்ன விமானங்களில் நிவாரணப் பொருள்களைக் கொண்டுவந்து இறக்கியது இந்த ரன்வேயில்தான்.

மற்றபடி வசதிகளுக்குக் குறையில்லை. கார்டைத் தேய்த்து நாமே எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம். வெளியே போனால் ஸ்ட்ராபெரித் தோட்டங்கள், சீசனில் வாங்கி வாருங்கள். ஆனால் பெட்டிகளைப் பின்சீட்டில் அடுக்கும் முன் எடைக் கணக்கை மறுபடி போடுங்கள்; நாலு பேரும் முழு டாங்கும் இருந்தால் அந்த செஸ்னாவில் பழத்துக்கு இடமிருக்காது.