கறுப்பு வெள்ளையில் கடலும் பாறையும்: நீண்ட எக்ஸ்போஷரா, வேகமான ஷட்டரா?

வண்ணமற்ற படத்தில் நீரையும் பாறையையும் பிரித்துக் காட்டுவது ஒளி, நிழல் வேறுபாடு மட்டுமே என்பதால், ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா எவ்வளவு நேரம் ஒளியை உள்வாங்க வேண்டும் என்பதை, தேர்வதே இங்கு முதல் முடிவாகிறது.

செலவு: நீண்ட எக்ஸ்போஷருக்கு முக்காலியும், லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் தேவை, வேகமான ஷட்டருக்குக் கையிலுள்ள கேமராவே போதும்.

தோற்றம்: ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் 1/30 நொடியை ஏறத்தாழ 30 நொடியாக நீட்டுவதால், அலைகள் வெண்பனியாகக் கரைந்து, ஈரப்பாறை கரிய திண்மையோடு தனித்து நிற்கிறது. 1/1000 நொடியிலோ, பாறையில் மோதிச் சிதறும் துளிகளும் நுரையின் கிழிந்த விளிம்பும் அப்படியே உறைந்து பதிகின்றன; ஆனால் நுரை வெளுத்துப்போகாதபடி ஒளியளவைச் சற்றுக் குறைத்தே எடுக்க வேண்டும்.

சிரமம்: முன்னதில் முக்காலியின் காலை அலை தொட்டாலே படம் கலங்கிவிடும், பின்னதில் அலை உடையும் கணத்தைக் கணிக்க வேண்டும்.

பாறையின் வடிவத்தை முன்னிறுத்த விரும்புவோருக்கு முன்னது பொருந்தும். கடலின் சீற்றத்தைக் காட்ட, தயக்கமின்றி வேகமான ஷட்டரையே பரிந்துரைப்பேன்.