ஹாம் உரிமம் என்ற பெயரில் வெற்றுத் தாள்: பயிற்சி நிலையங்களில் சேரும் முன் படியுங்கள்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காக வானொலிக் கருவி வழியே பிறருடன் பேசுவது) உரிமத்துக்கான பயிற்சி, தேர்வு, விண்ணப்பம் மூன்றையும் தாங்களே முடித்துத் தருவதாக உறுதியளித்த ஒரு பயிற்சி நிலையம், முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, எதற்கும் உதவாத ஒரு தாளை என்னிடம் கொடுத்தது. அதே நிலையம் இப்போது வேறு பெயரில் ஆள் சேர்ப்பதால் இதை எழுதுகிறேன்.

வகுப்புகளைக் குறை சொல்வதற்கில்லை; ஓம் விதியும் ஆன்டெனா நீளக் கணக்கும் ஒழுங்காகவே நடந்தன. இறுதியில் அவர்களே வினாத்தாள் கொடுத்து, அவர்களே திருத்தி, தேர்ச்சி என்று அறிவித்தார்கள். பின்னர் பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழ் ஒன்று வந்தது. தங்க நிற முத்திரையும், உலக வரைபடமும், 'உலகெங்கும் செல்லும்' என்ற வாசகமும், என் பெயருக்குக் கீழே ஓர் எண்ணும் அதில் இருந்தன. உரிமம் வழங்கிய அரசுத் துறை எது, எந்த அலைவரிசைகளில் எவ்வளவு மின்திறனுடன் ஒலிபரப்பலாம் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஐயம் எழுந்ததால், கருவியை இயக்கும் முன் அனுபவமிக்க ஹாம் பெரியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். எண்ணை மட்டும் பார்த்தவர், "தம்பி, இது கேட்கிறவங்களுக்குச் சங்கங்கள் கொடுக்கிற எண். இதை வச்சுக்கிட்டு பி.டி.டி.யை அழுத்திடாதீங்க" என்றார் (பி.டி.டி. என்பது ஒலிபரப்புவதற்காக அழுத்தும் பொத்தான்). சிற்றலை நேயர்கள், ஒலிபரப்பு எப்படிக் கேட்டது என்று தெரிவிக்கத் தாங்கள் அனுப்பும் வரவேற்பு அறிக்கைகளில் குறிப்பிடும் அடையாள எண்ணே அது. உரிமம் பெற்றவர் ஒலிபரப்பும்போது தம்மை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியின் அமைப்பு வேறு: பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அந்தந்த நாட்டுக்கு ஒதுக்கிய முன்னொட்டு, ஓர் இலக்கம், எழுத்தில் முடியும் பின்னொட்டு என்று அது அமையும், அதை நாட்டின் ஒழுங்குமுறை அமைப்போ, அதன் அதிகாரம் பெற்றவர்களோதான் வழங்க முடியும். சில நாடுகளில் அங்கீகாரம் பெற்ற தன்னார்வலர்கள் தேர்வு நடத்துவதுண்டு என்பதால், தனியார் தேர்வு நடத்துவது மட்டுமே மோசடிக்கு அடையாளமாகிவிடாது. உரிமம் யாரிடமிருந்து வருகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

உலகெங்கும் செல்லும் ஹாம் உரிமம் என்று ஒன்று கிடையாது. ஒரு நாட்டின் உரிமத்துடன் வேறு நாட்டில் ஒலிபரப்ப இடமளிக்கும், ஐரோப்பாவின் டி/ஆர் 61-01 பரிந்துரை போன்ற ஏற்பாடுகள்கூட, அவற்றை ஏற்ற நாடுகளுக்கிடையே, நிபந்தனைகளுடன், குறுகிய காலத் தங்கலுக்கு மட்டுமே பொருந்தும்.

புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் மோர்ஸ் முறையில் தேர்வு எழுதாமல் இருக்க, என்னிடம் 'மோர்ஸ் விலக்குக் கட்டணம்' என்று தனியாக வேறு வாங்கினார்கள், அதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. மோர்ஸ் திறனைச் சோதிப்பதா வேண்டாமா என்பதை 2003ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டுவிட்டது. விலக்கை விற்க ஒரு பயிற்சி நிலையத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அவர்கள் கூடவே விற்ற கையடக்கக் கருவியும் ஆபத்தானது. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கும் ஒலிபரப்பும்படி அதைத் திறந்துவிட்டு, அதையே சிறப்பம்சமாகச் சொன்னார்கள். அந்த வீச்சில் அமெச்சூர்களுக்கு உரியது, வட்டாரத்தைப் பொறுத்து, 144 முதல் 146 அல்லது 148 வரைதான். கப்பல்கள் ஆபத்தில் அழைக்கும் 156.8 மெகாஹெர்ட்ஸும் அதே வீச்சுக்குள்தான் வருகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதில் 'பயிற்சி' என்று மட்டுமே எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டி மறுத்துவிட்டார்கள். இத்தகைய நிலையத்தில் சேர்வோர், விண்ணப்பம் ஒழுங்குமுறை அமைப்பைச் சென்றடைந்ததற்கான ஒப்புகைச் சீட்டைத் தம் பெயரிலேயே கேட்டு வாங்க வேண்டும். நான் அதைக் கேட்ட பிறகு அவர்கள் என் தொலைபேசி அழைப்பை எடுப்பதே இல்லை.