எர்மியோனா, துகே-த்ரூவானா?

பழைய பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றின் கதையைப் படிக்க நினைப்பவர்கள் கடைசியில் இந்த இரண்டில் வந்து தயங்குவார்கள். இரண்டுமே பிரான்சின் ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் கட்டப்பட்டவை.

வகை: எர்மியோன் (1779) வேகமான ஃப்ரிகேட், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். துகே-த்ரூவான் (1800) 74 பீரங்கிகள் கொண்ட பெரிய கப்பல்.

புகழ்: எர்மியோன் 1780-இல், அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவிய பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தை பாஸ்டனில் இறக்கியது. மற்றது 1805-இல் பிரிட்டனோடு நடந்த டிரஃபால்கர் கடற்போரிலிருந்து தப்பி, இரண்டே வாரத்தில் ஸ்பெயினின் ஆர்தெகல் முனையருகே பிரிட்டிஷாரிடம் சிக்கியது.

ஆயுள்: எர்மியோன் 1793-இல் பாறையில் மோதி உடைந்தது. துகே-த்ரூவானுக்கோ பிடிபட்ட பிறகுதான் உண்மையான வாழ்க்கை! இம்ப்ளாக்கபிள் என்ற பெயரில் பிரிட்டிஷ் கப்பலாகி, பால்டிக் கடலில் ரஷ்யர்களோடு மோதியது, 1840-இல் சிரியப் போரில் பங்கேற்றது, அப்புறம் பயிற்சிக் கப்பலானது. 1949-இல், பராமரிக்கப் பணமில்லை என்று, பிரெஞ்சு, பிரிட்டிஷ் கொடிகள் இரண்டோடும் கடலில் மூழ்கடித்தார்கள். அநியாயம்தான்.

இன்று: எர்மியோனுக்கு முழு அளவு நகல் உண்டு, 2015-இல் அட்லாண்டிக்கையே கடந்தது. மற்றதன் முகப்புச் சிற்பம் லண்டனின் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாய்மரமும் கயிறும் எப்படி வேலை செய்தன என்று அறிய எர்மியோன் சரி. நீண்ட சேவை வரலாறு வேண்டுமென்றால் யோசிக்காமல் துகே-த்ரூவான்.